பாலை வைத்துவிட்டு வா

அக்கா, இன்று காலை ஈப்போவில் சிலிபின் சந்தைக்குப் போகும் வழியில், ரப்பர் ஒட்டுப்பால் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று என்னைக் கடந்து போனது. அந்தப் புளித்த நாற்றம் பட்டதும் பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ நீ பக்கத்தில் வந்து நின்றது போல் இருந்தது. நாற்றத்தில் போய் யாருக்காவது பாசம் பொங்குமா? எனக்குப் பொங்கியது.

நீ போன பிறகுதான் எழுதப் பழகினேன். இருந்திருந்தால், பக்கத்து வீட்டுக்காரிக்கு எதற்கடி கடுதாசி என்று காகிதத்தையே பிடுங்கியிருப்பாய்.

துரைமார் குதிரையில் தோட்டம் சுற்றிய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் அவை. ஈப்போவுக்கு அப்பால், காட்டை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் நாம் அடுத்தடுத்த நிரையில் பால் வெட்டினோம். எனக்கு அப்போது ஏழு மாதம். முதலில் ஒன்று கலைந்து, பிறகு தங்கிய பிள்ளை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வராதே என்று நீ திட்டுவாய். வராவிட்டால் கங்காணி பேர் போடமாட்டான், கூலி போய்விடும் என்று நான் எரிந்து விழுவேன். கடைசியில் என் மரங்களில் பாதியை நீயே வெட்டிவிட்டுப் போவாய்.

அந்த மாதம் புலி இறங்கி நாம் குடியிருந்த லயத்து மாடு ஒன்றை அடித்திருந்தது. பேரைச் சொன்னால் வந்துவிடும் என்று எல்லோரும் அதைப் 'பெரியவர்' என்றார்கள். பெரியவர் வந்தால் முதலில் கங்காணி வீட்டைக் காட்டுவேன் என்று நான் வாய்க்கொழுப்பாய்ச் சொல்லித் திரிந்தேன்.

அன்று வெயில் ஏறிய நேரம். மரத்தில் கட்டிய மங்குகளில் வடிந்திருந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் குரல் கேட்டது. அடுத்த வீட்டில் உப்புக் கேட்பது போல அத்தனை சாதாரணமாக.

"தங்கச்சி, பாலை வச்சிட்டு வா. மெதுவா, என்னையே பார்த்து வா."

நீ தோட்டத்துச் சாலையான சடக்கின் ஓரத்தில் கால் வைத்தபடி நின்றாய். கை மட்டும் என் பக்கம் நீண்டிருந்தது. நிறைந்த வாளியை விட்டுவிட்டு வருவதாவது? பால் வெட்டுகிற எவளுக்கும் வருகிற புத்திதான். வாளியைத் தூக்கக் குனிந்தேன்.

"குனியாத. பால் போனா போவுது."

உன் குரல் உயரவில்லை, இறுகியது. அப்போதுதான் கடைக்கண்ணில் பட்டது. எனக்குப் பின்னால் புதரோரம் அது படுத்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிவிடத்தான் கால் துடித்தது. நீயோ பேச்சை விடவே இல்லை. சாயங்காலம் கருவாட்டுக் குழம்பு வைக்கலாமா, கத்தரிக்காய் இருக்கிறதா, புளி போதுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அது எழுந்தது. நீ சடக்கை விட்டு என்னை நோக்கி வந்தாய். என்னைப் பிடித்து உன் முதுகுக்குப் பின்னால் தள்ளி, அதற்கு முகம் காட்டியபடியே பின்னடி வைத்து என்னைச் சடக்கில் சேர்த்தாய். அது கொஞ்ச நேரம் நம்மைப் பார்த்தது. பிறகு காட்டுக்குள் போய்விட்டது.

லயத்துக்கு வந்ததும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். கொடுத்த தண்ணீர் பாதி சேலையில் கொட்டியது. உனக்குப் பயமே கிடையாது என்று நம்பியிருந்தவள் நான். முதலில் பார்த்தது நீ, சடக்கும் உன் காலடியில், ஏன் ஓடவில்லை என்று கேட்டேன்.

"ஓடத்தான் பார்த்தேன். நீ இன்னும் பார்க்கலையேடி."

மகன் சுகமாகப் பிறந்தான். உன்னைப் போல ஒருத்தியை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை, அக்கா. வெள்ளம் வந்தது, ஜப்பான்காரன் சண்டை வந்தது, எல்லாவற்றுக்கும் பயந்தேன். இன்றும் பயம் வருகிறது. வந்தவுடன் சுற்றிலும் பார்க்கிறேன், இன்னும் ஆபத்தைப் பார்க்காதவர் யார் நிற்கிறார் என்று.