ஐப்பசி தாண்டட்டும்

அக்கா,

இன்று காலை நாளிதழை விரித்தபோது வழவழப்பான நோட்டீஸ் ஒன்று நழுவி மடியில் விழுந்தது. புது அச்சு மையின் மண்ணெண்ணெய் வாசனை. கடலூர் – சிதம்பரம் சாலையில் வீட்டுமனைகள், இலவச வேன், மதியச் சாப்பாடு, முன்பதிவு செய்தால் வெள்ளிக் காசு. படத்தில் மனைகளுக்குப் பின்னால் ஒரு மலை. நீங்கள் பார்த்திருந்தால் மனையை விட்டுவிட்டு அந்த மலை எங்கேயிருந்து வந்தது என்றுதான் விசாரித்திருப்பீர்கள்.

நான் கடலூர் பேருந்து நிலையத்தில் ஏறுவேன். நீங்கள் முதுநகரில் ஏறுவீர்கள். ஏழு நாற்பது வண்டி. எனக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. உங்களுக்கு அதே ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில், பணம் கட்டும் கவுண்டரில். சுனாமிக்குச் சில மாதங்களுக்கு முன்பு முதன்முதலாக என் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். பொருளாதாரம், எம்.ஏ. என்றேன்.

"அப்ப வூட்டுக் கணக்கெல்லாம் நீதான் பாக்குறியா?"

இல்லை, அவர் பார்க்கிறார் என்றேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

அறிவுரை சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சிக்கனம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் வீட்டுச் செலவைத்தான் பேசுவார்கள். நீங்கள் அந்த ரகம் இல்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. கவுண்டரில் பார்த்ததை மட்டும்தான் சொல்வீர்கள். "தாலிக்கொடியக் கழட்டி வச்சிட்டு நிக்கிறவுங்கள்ல பாதிப் பேரு ஏழை இல்லம்மா. ரெண்டு மனை இருக்கும், அரைக் காணி நெலம் இருக்கும். கையில அஞ்சாயிரம் இருக்காது. மனையக் கொண்டாந்து கவுண்டர்ல நீட்ட முடியுமா?" அதனாலேயே ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தை வங்கியில் தனியாகப் போட்டு வைத்திருந்தீர்கள். கல்யாணம், வளைகாப்பு, தீபாவளி எதற்கும் அதைத் தொட்டதில்லை.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. "ஒண்ணாந் தேதி எல்லாச் சம்பளமும் நல்ல புள்ளதான். இருவதாந் தேதிக்கு மேலதான் அதோட கொணம் தெரியும்." பெரிய சாமான் எதுவானாலும் இருபதாம் தேதிக்கு முன்பு வாங்க மாட்டீர்கள். அப்போதும் வாங்க முடிந்தால்தான் அது நம் வசதிக்கு உட்பட்டது என்பீர்கள். நான் படித்த எந்தப் புத்தகமும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரையில், அந்த மனை உங்கள் மூலமாகத்தான் எங்களுக்கு வந்தது. மனை விற்கிற ஒருவருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையில் உங்கள் தம்பி இருந்தார். சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. விலை மூன்றரை லட்சம். எங்களிடம் மூன்று லட்சம் இருந்தது. மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று பத்து வருடமாகச் சேர்த்த பணம். அவள் அப்போதுதான் பத்தாவது எழுதியிருந்தாள். இரண்டு வருடத்தில் மனை விலை இரண்டு மடங்காகும், விற்று அவளைப் படிக்க வைத்துவிடலாம் என்றார் என் கணவர். குறைகிற ஐம்பதாயிரத்துக்கு என் வளையல்களை அடகு வைப்பதாக முடிவாயிற்று. பொருளாதாரம் படித்த நானும் மறுத்துப் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் நான்கு பேரும் போனோம். கலர்க் கொடிகள், எண் போட்ட கற்கள், புதிதாகக் கொட்டிய செம்மண். உங்கள் தம்பி பேசிக்கொண்டே வந்தார். நீங்கள் மட்டும் கொஞ்சம் விலகிப் போய்ச் செருப்பு நுனியால் செம்மண்ணைக் கிளறினீர்கள். அடியில் காய்ந்த கோரை.

"என்னாடா இது, கோரையா?"

"ஏதோ புல்லுக்கா. எடுத்துடுவாங்க."

"தண்ணி நிக்கிற எடத்துலதாண்டா கோரை மொளைக்கும்." என் பக்கம் திரும்பினீர்கள். "இப்பப் பணம் கட்டாத. ஐப்பசி தாண்டட்டும். மழையில ஒரு தபா வந்து பாத்துட்டு அப்புறம் வாங்கு."

"அதுவரைக்கும் மனை இருக்காதுக்கா. நீ செத்த வாய மூடிக்கினு இரேன்."

"இல்லன்னா போவுது. பொண்ணு படிப்புப் பணம்டா அது."

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சொன்னார்: "நாம ஒரு மனை வாங்கிட்டா அவுங்களுக்குப் பொறுக்காது போல." நான் அதைவிட மோசமாக நினைத்தேன். அக்காவும் தம்பியும் சேர்ந்து, வேண்டாம் என்று சொல்லியே ஆசையைக் கிளப்பி விலையை ஏற்ற நாடகம் ஆடுகிறார்கள் என்று நினைத்தேன். யார் எதைச் சொன்னாலும் அதில் அவருக்கு என்ன லாபம் என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம் என்று நம்பியவள் நான். முன்பணம் கட்டாமல் நான் இழுத்தடித்தது உங்கள் பேச்சை நம்பி அல்ல. இரண்டு பேரையும் நம்பாததால்.

ஆடி பிறப்பதற்குள் மனை வேறொருவருக்குப் போய்விட்டது. என் கணவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அந்தக் கோபத்தைப் பேருந்துக்குக் கொண்டுவந்தேன். உங்களுக்கு இடம் பிடித்து வைப்பதை விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார ஆரம்பித்தேன். நீங்கள் காரணம் கேட்கவில்லை. எப்போதாவது திரும்பிப் பார்த்து, "என்னா எம்.ஏ., பின் சீட்டுல குலுக்கல் ஜாஸ்தியா?" என்பீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்தக் கார்த்திகையில் ஐந்து நாள் விடாத மழை. வானம் வெறித்த மறுநாள், மாலை வண்டியில் எழுந்து வந்து என் தோளைத் தொட்டீர்கள்.

"எறங்கலாமா?"

இறங்கினோம். சேற்றில் ஒரு கிலோமீட்டர் நடந்தோம். கொடிகளைக் காணோம். தலை மட்டும் தெரிந்த இரண்டு கற்களைத் தவிர எல்லாம் தண்ணீருக்குள். நாங்கள் பார்த்து வைத்த மனை எது என்றே சொல்ல முடியவில்லை. "நான் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"செருப்பக் கையில எடுத்துக்க. வாரு அறுந்துடப் போவுது" என்றீர்கள்.

நான் நன்றி சொல்லவில்லை. மறுநாள் உங்களுக்கு இடம் பிடித்து வைத்தேன். அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு. கட்டணம் அந்த மூன்று லட்சத்திலிருந்துதான் போகிறது. அவளுக்கு இந்தக் கதை தெரியாது. சொல்ல வேண்டும்.

இந்தத் தை மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். எட்டு வருடப் பழக்கத்தில் நான் அந்த வீட்டுக்குள் வந்தது அன்றுதான். தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனபோது உங்கள் தம்பி வந்தார்.

"அந்த மனைய நீங்க எடுத்திருந்தா எனக்குப் பதினஞ்சாயிரம் வந்திருக்கும்" என்றார். "ஆறு மாசம் அக்காகிட்டப் பேசலைங்க நானு. அப்புறம் ஒருநா அதுவே வூடு தேடி வந்துச்சு. 'ஒன் பொழப்புல மண்ணப் போட்டது நான்தான, நானே குடுத்துடறேன்'னு பதினஞ்சாயிரத்தையும் கையில வச்சிட்டுப் போச்சு. அடுப்பு மேடை கட்ட எடுத்த சீட்டுப் பணம். தெரிஞ்சேதான் வாங்கினேன். வாங்கியிருக்கக் கூடாதுங்க."

கேஸ் அடுப்பு தரையில் ஒரு பலகை மேல் இருந்தது. முட்டி வலிக்கிறது என்று பேருந்துப் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவீர்கள். அந்த முட்டியோடு தினமும் காலையில் இங்கே உட்கார்ந்து எழுந்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். இருபதாம் தேதி தாண்டாமல் ஒரு மிக்ஸிகூட வாங்காதவர், எனக்கு ஒரு உண்மையைச் சொன்னதற்குப் பதினைந்தாயிரம் கட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு மூன்று வருடம் நாம் ஒரே இருக்கையில் போய் வந்தோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் மாறிவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக் கணக்கை இப்போது நான்தான் பார்க்கிறேன். அதனால் பணத்தைப் பற்றி என்னிடம் பேச வருகிறவர்களும் அதிகம். இதில் இவருக்கு என்ன லாபம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். பிறகு, இதைச் சொல்வதால் இவர் எதை இழக்கிறார் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எதையும் இழக்காதவர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.

இழந்துகொண்டே சொன்னவர் என்று இதுவரை நான் பார்த்தது ஒருவரைத்தான். அவர் அப்படிச் சொன்னபோது நான் பின் சீட்டுக்குப் போய்விட்டேன்.