விழா மலரில் வராத கட்டுரை

தாராவி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாரிசெல்விக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மன் துணையிருப்பாள். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால்தான் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், மெதுவாகப் படி. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து வடாலாவுக்கு மறுபடி வேலைக்குப் போகிறார்.

நம் ஊர்ச் சங்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று நேற்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ என்ன தப்பு செய்தாய்? நீ ஆதி மனுஷ எலும்புகளை ஆராய்கிறாய் என்று தெரிந்து, கோயில் கொடை விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டதே அவர்கள்தான். நீ போனில் சொல்லச் சொல்ல நான்தான் தமிழில் எழுதினேன். மொராக்கோவில் கிடைத்த மூன்று லட்சம் வருடத்துத் தாடை எலும்பு, இன்றைக்கு இருக்கிற மனுஷர் எல்லாருடைய மரபணுவிலும் ஆப்பிரிக்கா தெரிவது, எல்லாம் என் கையெழுத்து. சங்கத் தலைவர் செல்லப்பாண்டி அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, நம்ம ஆளுவ ராஜ வம்சம்லா, ஆப்பிரிக்காக்காரனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், ஒம்மவ எல்லாரையும் கேவலப்படுத்திட்டாளே என்று குதித்தார். நீ மன்னிப்பு எழுதித் தராவிட்டால் என் முளைப்பாரியை ஊர் முளைப்பாரியோடு வைக்க விடமாட்டாராம்.

வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். பதினாறு வருடமாகச் செம்பூர் லேபில் பல் செட்டுக்குத் தாடை அச்சு வார்க்கிறேன், நம்பர் சீட்டு ஒட்டாவிட்டால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது என்றேன். போன வருடம் அண்ணாச்சி அச்சுக்கும் தோல் பட்டறை வாசிம் பாய் அச்சுக்கும் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன், லேபில் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை, வாயில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது என்று அதையும் சொல்லிவிட்டேன். அண்ணாச்சிக்குப் பல் செட்டு என்பது அதுவரை சங்கத்தில் யாருக்கும் தெரியாது. அத்தனை பேர் முன்னால் உடைத்தது தப்புதான், வீட்டுக்கு வந்து எனக்கே ஒருமாதிரி இருந்தது. பொருளாளர் மட்டும், பொறவு ஏன் சேரல, வேற ரத்தம்னுதான என்று கேட்டார். எந்தங்கச்சி பல் செட்டுந்தான் எனக்குச் சேராது, அவளும் நானும் வேற ரத்தமா என்று கேட்டேன். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அண்ணாச்சி முகவாயை நீட்டிக்கொண்டு முறைத்தார். இப்படித் துருத்துகிற முகவாய் நம் மனுஷ இனத்துக்கு மட்டும்தான் என்று நீ சொன்னது ஞாபகம் வந்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கும் அவர் மசியவில்லை, உன் கட்டுரை இல்லாமலே மலர் அச்சுக்குப் போய்விட்டது. போகட்டும். போன வாரம் ஊர் முளைப்பாரி அறையில் இடமில்லை என்று சொன்ன அன்றைக்கே நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருட்டாக்கி விதை போட்டுவிட்டேன், நாலு விரல் வளர்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நடப்பேன். கோயிலுக்குள் விடாவிட்டால் வாசலில் இறக்கி வைத்துக் கும்பிடுவேன். அப்பா, நாலு பேரோடு வாழ வேண்டாமா என்கிறார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. அவர்கள் தள்ளிவைத்தால் தாங்குவேன் மாரி, எனக்காக என்று சொல்லி நீ பொய்யில் கையெழுத்துப் போட்டால் தாங்கமாட்டேன்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, அந்த எலும்புகள் சொல்வதை உள்ளபடி எழுது. எழுதி வைத்திருக்கிற மன்னிப்புக் கடிதத்தை இன்றைக்கே கிழித்துப் போடு, மறந்துவிடாதே.

மன்னிப்புக் கேட்காத உன் அம்மா,
முத்துமாரி