அண்ணன் வீட்டு மந்திரவாதி

திண்டிவனம்,
4 மே 2025

அன்பு ராணிக்கு,

பல நாள் யோசனைக்குப் பிறகு, இன்று காலை டீ ஆறுவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நம் நாவலின் வேங்கைமாறன் இனி வாளை முதுகில் கட்டமாட்டான், இடுப்பில் தொங்கவிடுவான். விளைவுகளை எண்ணிப் பார்த்தே இதை எடுத்தேன். குதிரை ஏறும்போது இடிக்கும். அவன் பொறுத்துக்கொள்வான்.

ஒன்பதாம் அத்தியாயம் இத்துடன். பத்தாவது உன்னுடையது. ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தக்கூடாது, தொடரத்தான் வேண்டும் என்ற சட்டத்தைக் கல்யாணமான நாளிலிருந்து காப்பாற்றி வருகிறோம். அதனால்தான் எட்டாவதில் நீ செய்ததைச் சகித்துக்கொண்டேன். என் மந்திர நகரத்துக்குள் மாமூல் வாங்கும் காவலனையும் பொய்ச்சாட்சியையும் கொண்டுவந்துவிட்டாய். மந்திரவாள் கதை வேறு, நீ விரும்பும் நுவார் என்கிற இருட்டுக் குற்றக்கதை வேறு. என் கதையில் தீமைக்கு ஒரு பெயரும் ஒரு கழுத்தும் உண்டு. வெட்டினால் முடிந்தது. உன் இருட்டுக் கதைகளில் யாரை வெட்டுவது என்றே தெரிவதில்லை.

விதைக்கடை வேலை பழகிவிட்டது. 25ஆம் தேதி ஞாயிறு அண்ணன் மகள் வெனிலாவுக்குப் புதுநன்மை விழா, முதல்முறையாக நற்கருணை வாங்கப்போகிறாள். நீ கோலியனூருக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று சவுரி அண்ணன் சொல்லி அனுப்பினார். போனை எடு.

உன்,
இருதயநாதன்

விழுப்புரம்,
9 மே 2025

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

வாள் இடம் மாறிய செய்தி கிடைத்தது. ஊரில் கலவரம் எதுவும் இல்லை. பத்தாம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

போனை எடுக்கமாட்டேன். போனில் நீங்கள் “வுடு ராணி” என்பீர்கள். அதையே கடிதத்தில் சொல்ல ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், கொஞ்சமாவது யோசிப்பீர்கள்.

நீங்கள் சொல்லும் வித்தியாசம் சரியில்லை. இரண்டு வகையிலும் கெட்டுப்போன ஒரு நகரம். தனியாள் ஒருவன் வருகிறான். வேலை கொடுத்தவர்களே அவனை ஏமாற்றுகிறார்கள். அதுவரை ஒரே கதைதான். பிறகு உங்கள் ஆள் குதிரையேறிப் போய்விடுகிறான். என் ஆள் அங்கேயே குடியிருக்க வேண்டியவன். அதே மளிகைக்கடை, அதே கோயில், அதே சொந்தக்காரர்கள். தீமை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உட்காரவைத்துச் சோறு போடும்.

உதாரணம், ஈஸ்டர் அன்று உங்கள் அண்ணன் வீடு. பந்தியில் எல்லாருக்கும் எவர்சில்வர் தட்டு, எனக்கு மட்டும் பேப்பர் தட்டு. “தட்டு பத்தல ராணி, தப்பா எடுத்துக்காத” என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் தட்டுகள் அடுக்கியிருந்தன. நான் காலனியில் பிறந்த பெண் என்பது அந்தப் பந்தியில் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தலை நிமிராமல், கறியில் எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

நான் கேட்பது ஒரே வாக்கியம். அண்ணன் முகத்தைப் பார்த்து, “அவளுக்கும் அதே தட்டு வைங்க” என்று சொல்லுங்கள். சொன்னால் விழாவுக்கு வருகிறேன். சொல்லாவிட்டால் இனி எங்கேயும் உங்களோடு இல்லை.

அமல்ராணி

திண்டிவனம்,
16 மே 2025

என் ராணிக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். மல்லாட்டை விதை கேட்டவருக்கு உளுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டேன்.

பதினொன்றாம் அத்தியாயத்தைப் படித்துப் பார். எல்லாவற்றுக்கும் பதில் அதில் இருக்கிறது. மந்திரவாதியின் விருந்தில் அரசியை வாசலோரம் உட்காரவைக்கிறார்கள். வேங்கைமாறன் எழுகிறான். ஒரே வீச்சு. தலை பாயசத்தில் விழுகிறது. மந்திரவாதிக்கு அண்ணனுடைய மீசையையே வைத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கூடப்பிறந்தவனை இதைவிட ஒருவன் என்ன செய்ய முடியும்?

அண்ணன் மோசமானவர் இல்லை. அவர் வளர்ந்த விதம் அப்படி. விழாவுக்கு வந்துவிடு.

உன்,
நாதன்

விழுப்புரம்,
20 மே 2025

அன்புள்ளவருக்கு,

படித்தேன். நல்ல வெட்டு. பாயசத்தைத் தவிர்த்திருக்கலாம்.

அரசிக்கு அந்த அத்தியாயத்தில் ஒரு வசனம்கூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தலை விழுந்ததும் கண்ணீர் மல்க அவனைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். மீசையின் அடையாளம் எனக்குத் தெரிந்தது. தெரியவேண்டியவர் நான் இல்லை. உங்கள் அண்ணனின் தலை கோலியனூரில் பத்திரமாக இருக்கிறது.

அவர் வளர்ந்த விதத்தில் நீங்களும் வளர்ந்தீர்கள். என்னைக் கட்டிக்கொண்டீர்கள். அதனால்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அமல்ராணி

திண்டிவனம்,
27 மே 2025

அன்பு ராணிக்கு,

விழா நன்றாக நடந்தது. வெனிலா வெள்ளை கவுனில் சம்மனசு மாதிரி இருந்தாள், சிறகு ஒன்றுதான் குறை. உனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன். எல்லாரும் வருத்தப்பட்டார்கள்.

சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் போனேன், நம்பு. பந்தியில் அண்ணனே ஆரம்பித்தார். “காய்ச்சலாவது ஒண்ணாவது. ஒரு தட்டுக்காடா இவ்ளோ பேஜாரு பண்றா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். குழந்தையின் நாள், பங்குச் சாமியார் வேறு எதிரில் உட்கார்ந்திருந்தார். நானும் கொஞ்சம் சிரிக்கவேண்டியதாகிவிட்டது.

ஆனால் சும்மா வரவில்லை. பதினொன்றாம் அத்தியாயத்தின் நகலை அவர் கையில் கொடுத்தேன். மாடியில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தார். மீசையைத் தடவிக்கொண்டே இறங்கி வந்தார். “நல்லா எழுதிக்கிற. இந்த மாதிரி ஆளுங்கள வுடவே கூடாதுடா” என்று முதுகில் தட்டினார்.

கிறிஸ்துமஸுக்குள் நேரிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். பன்னிரண்டாம் அத்தியாயம் எங்கே? பதிப்பாளர் அவசரப்படுத்துகிறார்.

உன்,
நாதன்

விழுப்புரம்,
3 ஜூன் 2025

இருதயநாதன் அவர்களுக்கு,

பன்னிரண்டாம் அத்தியாயத்தை நான் எழுதவில்லை. உங்களுடையதைத் திருத்தக்கூடாது என்பது சட்டம். தொடரவும் என்னால் முடியவில்லை. மீதியை நீங்களே முடித்துக் கொடுப்பீர்கள் என்று பதிப்பாளருக்குத் தெரிவித்துவிட்டேன்.

விழுப்புரம் வீட்டைச் சனிக்கிழமை காலி செய்தேன். உங்கள் துணிகளும் புத்தகங்களும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பார்சல் ஆபீஸில் இருக்கின்றன. வாங்கப் போகும்போது ஆதார் கார்டு காட்டவேண்டும்.

அமல்ராணி