படையலுக்கு முன் குறைந்த மூன்று வடைகள்

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்
புரட்டாசி முதல் சனி கழிந்த செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பிரேமுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலையும் என் சர்க்கரையையும் விட்டுவிட்டால் நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம். அங்கே வெல்லிங்டன் காற்றில் நீயும் மருமகள் சுஷ்மிதாவும் பேத்தி கவிஷாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கப் பெருமாள் துணையிருக்கட்டும். பெருமாள் என்றதும் நீ முகத்தைச் சுளிப்பாய், சுளித்துக்கொண்டே படி. ஞாயிறுதோறும் வீடியோவில் பார்க்கிறோமே, எதற்கு இந்த மனுஷன் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் சரிப்பா சரிப்பா என்று பேச்சை மாற்றிவிடுவாய், கவிஷா வேறு குறுக்கே வந்து விழுந்த பல்லைக் காட்டுவாள். கடிதமென்றால் நீ கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நம் பிளாக்கில் லிஃப்டை மாற்றுகிறார்கள், இரண்டு வாரமாக ஆறு மாடி ஏறி இறங்குகிறோம். பக்கத்து வீட்டுப் பூவம்மா உன்னை விசாரித்தாள், உன் பெண் உன்னைப் போலவே பிடிவாதமா என்று கேட்டாள், அதைவிட ஒரு படி மேல் என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் நீங்கள் வந்திருந்தபோது நடந்த ஒன்று அன்றிலிருந்து என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அம்மா விளக்கேற்றிவிட்டுச் சாமி மேடையில் ஒரு தட்டு திராட்சை வைத்தாள். கற்பூரம் எடுக்க அவள் அடுப்படிக்குப் போன நேரத்தில் கவிஷா ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டாள். குழந்தைதானே, நாங்கள் இருவரும் சிரித்திருப்போம். நீ பாய்ந்து வந்து அவள் வாயில் விரலைவிட்டு அதை வெளியே எடுத்தாய், குழந்தை வீரிட்டு அழுதது. உன் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதினைந்து வயதிலிருந்து சாமியே இல்லை என்று வாதாடுகிறவன் நீ. என் பெண்ணுக்குச் சாமியைப் பற்றி எதுவும் சொல்லித்தரப் போவதில்லை, வளர்ந்து அவளே முடிவு செய்யட்டும் என்று அவள் பிறந்த வாரமே சொல்லி அம்மாவை அழ வைத்தவன். இல்லாத சாமிக்கு எதற்கடா இவ்வளவு பயம் என்று உன்னிடமே கேட்டிருக்கலாம், வாய்வரை வந்தது, நீங்கள் விமானம் ஏறும்வரை கேட்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் ஊரைக் கூட்டாமல் விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் பக்தியும் பணிவும் எப்படித்தான் சொல்லித்தருகிறார்கள் என்று கண்டவரையெல்லாம் கேட்க ஆரம்பித்தேன். பெருமாள் கோவிலில் அர்ச்சகரிடம், படையலுக்கு முன் குழந்தை எடுத்துத் தின்றுவிட்டால் குற்றமா சாமி என்றேன். குழந்தை தின்றால் பெருமாள் தின்ற மாதிரி, கொஞ்சம் நகருங்கள், பின்னால் வரிசை நிற்கிறது என்றார். தேக்காவில் துணிக்கடை வைத்திருந்தாரே கஃபார் பாய், அவரை மார்க்கெட்டுக் காப்பிக்கடையில் பார்த்தேன். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ டீ குடித்துக்கொண்டு இரண்டு கிழவர்களும் ஒரு மணி நேரம் இதையே பேசினோம். அவர் மகன் ரிஸ்வான் எட்டு வயதில் முதல் நோன்பு பிடித்தபோது மத்தியானம் குளியலறைக்குப் போய்க் குழாய்த் தண்ணீரைக் குடித்தானாம். கதவிடுக்கில் பாய் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை, சாயங்காலம் நோன்பு திறக்கும்போது எல்லோருக்கும் வைத்த மாதிரி அவன் முன்னாலும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வைத்தார். ஏன் கேட்கவில்லை என்றேன். "அவனுக்கும் அல்லாவுக்கும் நடுவுல நான் எதுக்கு லா, வேலு?" என்றார். இரண்டு வருஷம் கழித்து அவனே முழு நோன்பு பிடித்தானாம், யாரும் சொல்லாமல். அதையே நினைத்துக்கொண்டு வந்ததில் ரயிலில் நம் ஸ்டேஷனைத் தாண்டிக் காமன்வெல்த் வரை போய்த் திரும்பி வந்தேன்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நீ பார்சல்காரனுக்குக் கதவு திறக்கப் போனாய், ஞாபகம் இருக்கிறதா, கவிஷா போனை மூக்கருகே வைத்துக்கொண்டு ரகசியமாக என்னிடம் ஒன்று கேட்டாள். இங்கிலீஷில்தான் கேட்டாள். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது சாமிக்கு வைக்கிற வடையைத் தின்றதால்தான் பாப்பா அத்தை செத்துப்போனதா தாத்தா, நான் திராட்சை தின்றதால் யார் சாவார்கள் என்று கேட்டாள். அன்று அறைக்குள் நீ சுஷ்மிதாவிடம் அழுதுகொண்டு சொன்னதை அவள் கேட்டாளாம். நீ திரும்பி வந்துவிட்டாய், வானிலை எப்படி என்று நான் கேட்டேன். நீ வடையே தொடுவதில்லை, எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்பாய், நாங்களும் முப்பத்துமூன்று வருஷமாக அதை நம்பினோம்.

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படி. உனக்கு அப்போது எட்டு வயது. அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை அம்மா ஏழு மாசம். அவள் எண்ணி இருபத்தொரு வடை சுட்டுத் தூக்கில் மூடிவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து எண்ணினால் பதினெட்டுதான் இருந்தது. உன் கையில் எண்ணெய் இருந்தது. ஒன்றுதான் எடுத்தேன் என்று நீ அழுதாய். மூன்றைத் தின்றுவிட்டு ஒன்று என்கிறாயே, சாமிக்கு வைக்கிறதைத் தொட்டதுமில்லாமல் பொய் வேறா, வீட்டுக்கே சாமி குற்றம் வந்துவிடும் என்று அம்மா கத்தினாள். அடுத்த வியாழன் பாப்பா போய்விட்டது. இவ்வளவும் உனக்குத் தெரியும். மீதி இரண்டு வடை எங்கே போனது என்று நீ யோசித்ததே இல்லையா பிரேம்? உனக்கு முன்னால் தூக்கைத் திறந்தவன் நான். காலை ஷிப்ட் பஸ் ஓட்டிவிட்டுப் பசியோடு வந்திருந்தேன், நின்றபடியே இரண்டை விழுங்கினேன். அம்மா உன்னைப் பொய்யன் என்றபோது நான் ஹாலில் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேப்பரைக் கீழே வைத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திட்டு விழுமே என்று சொல்லவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதாமலிருந்தால் இன்னும் வெட்கம்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமையே டாக்டர் எங்களிடம் சொல்லிவிட்டார், பாப்பா வளரவில்லை, இதயத்துடிப்பு பலவீனமாக இருக்கிறது, எதற்கும் தயாராக இருங்கள் என்று. அதனால்தான் அம்மா அந்தப் படையலை அவ்வளவு பயந்து பயந்து செய்தாள், அந்தப் பயம்தான் உன்மேல் கத்தலாக விழுந்தது. வடை சுடுவதற்கு மூன்று நாள் முன்பே முடிவானது அது. உன் ஒரு வடைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குழந்தையிடம் எதற்குச் சொல்லவேண்டும் என்று மறைத்துவிட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பூவம்மா வீட்டில் இருந்த உன்னைத் தூக்கி, பாப்பாவைச் சாமி கூட்டிக்கொண்டது என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளையின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது.

அம்மாவிடம் இதைச் சொல்ல நாலு நாள் ஆனது. வியாழக்கிழமை உளுந்து வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கவிஷா கேட்டதையும் சொன்னேன், தூக்கைத் திறந்ததையும் சொன்னேன். அவள் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். "அந்த ரெண்டும் நீங்களா?" என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நான் அன்னிக்கு மாவுல உப்புப் பார்த்தேங்க. நாக்குல வச்சுப் பார்த்தேன். அதனாலதான்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் படையல் சமையலில் உப்பே பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை கரிக்கும், ஒரு சனிக்கிழமை சப்பென்றிருக்கும், உன் அம்மாவுக்குக் கையளவு மறந்துவிட்டது என்று நான் வருஷக்கணக்காகக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். எனக்கும் அந்த இரண்டு வடை உறுத்தாமல் இல்லை, பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டுத் தனியாக அழுத நாள் உண்டு. ஒரு மூன்றறை வீட்டுக்குள் மூன்று பேர், பாப்பா போனது தன்னால்தான் என்று ஆளுக்கொரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அம்மா அன்று முழுதும் அழுதாள். உப்புக்காக இல்லை, உனக்காக.

கவிஷாவுக்கு என்ன சொல்வது என்று நீ தவிப்பாய். முதலில், யாரும் சாகமாட்டார்கள் என்று சொல், இந்தக் கடிதத்தை வைத்த கையோடு சொல். பிறகு உன் இஷ்டம். கும்பிடச் சொல் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சாமி என்றால் பயம் என்பதைத்தான் உனக்கு நாங்கள் கொடுத்தோம், வேறொன்றும் எங்களிடம் இருந்தது, அதைக் கொடுக்கத் தவறிவிட்டோம். நான் மதிய ஷிப்ட் பார்த்த நாட்களில் வீட்டுக்கு வர நேரமாகும். அம்மா எவ்வளவு சொன்னாலும் சாப்பிடாமல் தட்டைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு நீ எனக்காக உட்கார்ந்திருப்பாய். பசியில் கண் சொருகும், ஆனாலும் தொடமாட்டாய். அப்பா அடிப்பார் என்ற பயத்திலா இருந்தாய்? நான் உன்னை அடித்ததே இல்லை. நான் வந்தபிறகு சாப்பிட்டால்தான் உனக்குச் சாப்பாடு. படையல் வரைக்கும் பொறுத்திருப்பதும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, அர்ச்சகரைக் கேட்டால் வேறு சொல்வாரோ என்னவோ. நீ வேலையிலிருந்து வரும்வரை கவிஷா சாப்பிடாமல் இருப்பாள் என்று சுஷ்மிதா சொன்னாளே, அவளுக்கு அந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும். நீ அதன்மேல் பயத்தை மட்டும் போட்டுவிடாதே.

போன சனிக்கிழமை அம்மா மறுபடி எண்ணி இருபத்தொரு வடை சுட்டாள். நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை. கற்பூரம் காட்டியபிறகு, உன் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து அதில் முதல் வடையை வைத்தாள். சாயங்காலம் வரை அது அப்படியே இருந்தது. அதையும் நான்தான் தின்றேன், இந்த முறை அவளிடம் கேட்டுவிட்டு. உப்பு சரியாக இருந்தது.

இந்தக் கடிதம் வர எட்டு பத்து நாள் ஆகும், கடைசிச் சனிக்கிழமைக்குள் வந்துவிடும். அன்று நம் நேரம் பதினொரு மணிக்குப் படையல், உங்களுக்குப் பிற்பகல். முடிந்தால் கவிஷாவோடு போனைத் திற, முடியாவிட்டால் வேண்டாம். கம்பளி போடாமல் வெளியே போகாதே, ரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே. நீங்கள் மூவரும் மனதில் கனமில்லாமல் நீடூழி வாழவேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். அம்மாவும் கீழே ஒரு வரி எழுதவேண்டுமென்று பேனாவைப் பிடுங்குகிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வடிவேலு

பிரேம் கண்ணு, நீ அன்னிக்கு ஒன்னுதான் எடுத்தே. அம்மா நம்பாம போயிட்டேன்.
சந்திரமதி