கோணிமூட்டையில் எழுதிய பேர்

இன்று காலை மூட்டை கிழிந்துவிட்டது. மில்லின் கழிவுப் பஞ்சை அடைத்து, விக்கிரமசிங்கபுரத்தில் என் வீட்டுப் பின்புற வேப்பமரத்தில் நாம் இருவரும் தொங்கவிட்டோமே, அதே குத்துமூட்டை. மழையில் ஊறிய பஞ்சு என் கால்மேல் கொட்டியது. எண்ணெயும் ஈரமும் கலந்த அந்த வாடை வந்ததும் நீ பக்கத்தில் நிற்கிறாய் என்றே நினைத்தேன்.

கிழிந்த இடம் எது தெரியுமா? உன்னை வீழ்த்திய செல்வினின் பேரைக் கரியால் எழுதியிருந்த இடம். நீ போன பதினாறாம் நாள் எழுதினேன். மழை கழுவக் கழுவத் திரும்ப எழுதினேன். இரண்டு வருஷமாக அந்தப் பேரைத்தான் குத்தினேன்.

நமக்குள் ஒரு வழக்கம் இருந்தது. குத்துச்சண்டையில் ஒரே ஊர்க்காரர் இருவர் ஒரே எடைப் பிரிவில் நின்று அடித்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் எடையைக் குறைத்துக் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். "ஒனக்குப் பசி தாங்காது லே, நான் எறங்குதேன்" என்றாய். நாலு கிலோ. வியர்த்து எடை இறங்க, சித்திரை வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பாபநாசம் சாலையில் ஓடினாய். நான் சைக்கிளில் பின்னால் வந்தேன். போட்டியன்று எடை பார்த்து முடிந்ததும் நீ தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாய். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். "வயிறு கனத்தா காலு நவுராது. ஜெயிச்சிட்டுக் குடி லே." சிரித்துக்கொண்டே தலையாட்டினாய். அந்தப் பாட்டில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மூன்றாம் சுற்றில் நடுவர் நிறுத்தச் சொன்ன பிறகும் செல்வின் ஒரு குத்து விட்டான். நீ விழுந்தாய். ஆஸ்பத்திரியில் மூன்று நாள், கண் திறக்கவே இல்லை. வாய்க்கரிசி போடும்போது உன் உதடு வெடித்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், ஏன் என்று யோசிக்கவில்லை. துட்டி கேட்டு ஆறுதல் சொல்ல வந்த செல்வின், "நடுவர் சொன்னது காதுல விழலண்ணே" என்று அழுதான். "யாருகிட்டலே நடிக்கே?" என்று விரட்டிவிட்டேன்.

போன மாதம் பாளையங்கோட்டைப் போட்டியில் அவன் எனக்கு எதிராளியாகக் கிடைத்தான். அவனுக்காகவே நானும் நாலு கிலோ இறங்கியிருந்தேன். உன் மழைக்கோட்டையே போட்டு ஓடினேன். எடை பார்த்த பிறகும் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் சுற்றில் அவன் கை தாழ்ந்தது. இரண்டு வருஷக் கோபத்தையும் சேர்த்து ஒன்று விட்டேன். விழுந்தான். பொய் சொல்ல மாட்டேன், அவன் எழுந்திருக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

நடுவர் என் தோளைப் பிடித்து மூலைக்குத் தள்ளினார். "ரெண்டு தடவ நிறுத்தச் சொன்னேம்லா? காது அடைச்சா போச்சு?" என்றார். சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை, லே. காதுக்குள் வெறும் இரைச்சல்தான் இருந்தது. விதியை மீறியதற்காக என்னைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

செல்வின் எழுந்துவிட்டான். குழாயடியில் நான் குனிந்து குடித்துக்கொண்டிருந்தபோது மூக்கில் பஞ்சோடு வந்து நின்றான். "கேக்கல" என்றேன்.

"தெரியும்ண்ணே. நீங்களும் தண்ணி குடிக்கலயோ? அன்னைக்கு நானும் எடைக்காகக் குடிக்கல."

அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அவன் முகத்தை நினைத்தால் இன்னும் கை முறுக்குகிறது. ஆனால் பாட்டிலைப் பிடுங்கிய கை அவனுடையது இல்லை.

மூட்டையைத் தைத்துவிட்டேன். கிழிசலுக்குப் புதுக் கோணி வைத்து, அதில் பேரும் எழுதிவிட்டேன். உன் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர் நிரப்பி வேப்பமரத்தடியில் வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் அதைக் குடித்துவிட்டு, என் பேரை நானே குத்தப்போகிறேன்.