காலடியில் விட்ட வெள்ளை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கச்சான் காற்று, வீடெல்லாம் தூசி. மாதா படம் முடிந்தது. பதினைந்தாம் திகதிப் பவனிக்கு. கோயிலில் கொடுத்தாயிற்று. பழைய படத்தைக் கறையான் தின்றுவிட்டது. அது என் இருபத்தாறு வயதில் வரைந்தது. கீழே முழுக்கக் கடல், அலைக்கு அலை நுரை, பதினொரு வள்ளம். புதியதில் மாதா மட்டும். காலடியில் வெறும் வெள்ளை. ஏழு முறை கடல் போட்டு, ஏழு முறையும் அழித்து, நாலு மாதம் எடுத்த வெள்ளை.

வாங்க: வெங்காயம், கண் மருந்து, தங்கச்சிக்குத் தைலம்.

ஆகஸ்ட் 13, புதன்

திருவிழாவுக்கு முன் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடித்து, மிச்சத்தைக் கோயிலுக்குக் கொடுப்பது இங்கே வழக்கம். வாசல் கேற், உட்காரும் வாங்கு, கொடிமரம் எல்லாம் வள்ள நீலம். இந்த முறை என் படமும்! வெள்ளை முழுவதும் நீலம். அதற்கு மேல் மூன்று வள்ளம் வேறு.

மீனவர் சங்கத் தலைவர் அந்தோனி எனக்கு ஆறுதல் சொல்கிறார்:

"ரீச்சருக்குக் கண் ஏலாதெண்டு தெரியும். பாவம், அரைவாசியில விட்டிட்டியள். நாங்களே முடிச்சுப்போட்டம். ஒருத்தருக்கும் சொல்லமாட்டம்."

பாவமாம்!

"அது முடிஞ்ச படம்."

"கடல் இல்லாமல் மாதா எங்க ரீச்சர் நிக்கிறது? உங்கட பழைய படத்தில எவ்வளவு அலை!"

வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் கொட்டினேன். அவளும், "பழசுதான் வடிவு அக்கா." சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டேன்.

பழசு! அந்த அலைகள் பயத்தில் போட்டவை. ஓர் அங்குலம் சும்மா விட்டால் இவளுக்குப் படம் கீறத் தெரியாது என்பார்களே என்ற பயம். வள்ளத்துக் கயிற்றின் முறுக்கைக்கூட விடவில்லை. அந்தப் பயம் போக முப்பத்தைந்து வருடம். போனதும், கண் பழுதாம். மருந்து தூசிக்கு ஐயா, தூசிக்கு!

ஆகஸ்ட் 14, வியாழன்

காலைப் பூசை முடிந்ததும் போனேன். நீலம் காய்ந்துவிட்டது, சுரண்ட வழியில்லை. வெள்ளைப் பெயின்ற் ஒரு பேணி, அகலத் தூரிகை. அந்தோனி ஓடிவந்தார்.

"என்ன செய்யிறியள் ரீச்சர்? நாளைக்குப் பவனி. ஈரம் காயாது, தூக்க ஏலாது."

"அப்ப தூக்காதேங்கோ."

நீலம் பாதி போனது. நடு வள்ளத்துக்கு வந்தபோது அவர் குரல் இறங்கிவிட்டது.

"அது என்ர வள்ளம். நானே கீறினனான். முதல்முதலாக் கீறினது. அதையாவது விடுங்கோ."

பார்த்தேன். கயிற்றின் முறுக்கைக்கூட விடவில்லை மனுசன். அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். ஆனாலும் அதன்மேலும் வெள்ளை அடித்தேன்.