இரவல் போன கடவுச்சொல்

அனுப்புநர்:
அ. ஜெரோம், எம்.எஸ்சி., எம்.ஃபில்.,
புவியியல் ஆசிரியர்,
செல்லியம்மன் நகர் மூன்றாம் தெரு,
ஊரப்பாக்கம்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: செல்லியம்மன் நகர் கிளை நூலகம் – இணைய ஆய்விதழ்த் தொகுப்பை வாசகர்கள் பயன்படுத்த இயலாமை – நூலகருக்குப் பயிற்சி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள ஏரிகளின் உபரிநீர்க் கால்வாய்கள் பற்றி ஒன்பது ஆண்டுகளாகப் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். என்னோடு சேர்ந்தவர்கள் பட்டமும் பதவி உயர்வும் பெற்று, இப்போது என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைக்கிறார்கள். அது தனி மனுவுக்கு உரியது. ஆய்வேட்டை நவம்பர் 28-க்குள் ஒப்படைக்க வேண்டும். இனி நீட்டிப்பு கிடையாது. இன்னும் ஆறு கட்டுரைகளைப் படித்துச் சேர்த்தால்தான் நெறியாளர் கையொப்பமிடுவார். பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கிருந்த இணைய அனுமதி எட்டாம் ஆண்டோடு முடிந்துவிட்டது.

2. அந்த ஆறு கட்டுரைகளும் எங்கள் கிளை நூலகத்துக்குக் கிடைத்துள்ள இணையத் தொகுப்பில் உள்ளன. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தொகுப்பை நடத்தும் நிறுவனம் உறையில் அனுப்பியிருந்தது. நூலகர் திருமதி ரத்தினபாய், வந்த எதையும் முத்திரையிடாமல் விடாதவர். அட்டைக்கும் முத்திரையிட்டு, 41207 என எண் கொடுத்து, தேதித் தாள் ஒட்டி, ‘ஆராய்ச்சி’ அடுக்கில் வைத்தார். எண் ஏறினால் அது புத்தகம். புத்தகம் ஒரு நேரத்தில் ஒருவருக்கே.

3. செப்டம்பர் முதல் தேதி அதை இரவல் பெற்றவர் எங்கள் தெரு திரு. தோத்தாத்ரி. குடியிருப்போர் நலச் சங்கத் தேர்தலில் நான்கு வாக்கில் என்னைத் தோற்கடித்தவர் அவர் என்பதற்கும் இம்மனுவுக்கும் தொடர்பில்லை, தகவலுக்காகக் குறிப்பிடுகிறேன். அவர் வீட்டில் கணினி கிடையாது. அடுக்கில் புதிதாக எது வந்தாலும் முதலில் எடுத்துப் போவது அவர் வழக்கம். நான்கு முறை புதுப்பித்தார். நேரில் சென்று கேட்டேன். கேட்டைத் திறக்காமலே, “லைப்ரரி ஐட்டத்தைக் கைமாத்திக் குடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கே ஜெரோம் சார்! வாத்தியார் நீங்களே இப்படிக் கேக்கலாமா?” என்றார்.

4. அட்டையிலுள்ள இரண்டு வரிகளை எழுதி வைத்துக்கொண்டால் எல்லாரும் பயன்படுத்தலாமே என்று நூலகரிடம் விளக்கினேன். “முழு புக்கையும் காப்பி எடுக்கக் கூடாது சார், சட்டப்படி தப்பு” என்றார். முன்பதிவு செய்தேன். படிவத்தில் ஆசிரியர் பெயர் கேட்டிருந்தது. ‘பல்லாயிரம் பேர்’ என்று நிரப்பினேன். ‘பிறர்’ என்று சுருக்கச் சொன்னார். சுருக்கினேன். எனக்கு முன்னால் செவிலியர் கல்லூரி விரிவுரையாளர் செல்வி ஈவ்லின் காத்திருந்தார்.

5. நவம்பர் 10 அன்று அட்டை திரும்பியது. மறுநாள் நானும் செல்வி ஈவ்லினும் ஒரே நேரத்தில் போய் நின்றோம். முனை மடங்கியிருந்த காரணத்தால் அது கிழிந்த புத்தகங்களின் கட்டோடு பைண்டிங்குக்கு அனுப்பப்பட்டிருந்தது. திரும்ப மூன்று மாதமாகும். “கவலைப்படாதீங்க சார், காலிகோ துணி அட்டை போட்டு ஸ்ட்ராங்கா வரும்” என்று செல்வி ஈவ்லின் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

6. குரலை உயர்த்திவிட்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன். அதற்குத் திருமதி ரத்தினபாய், “கவர்ல அட்டை மட்டும்தான் சார் வந்துச்சு. இதை இன்னா பண்ணணும்னு ஒருத்தரும் சொல்லலை. தொலஞ்சிடக் கூடாதேன்னுதான் நம்பர் போட்டேன்” என்றார். அவர் பொறுப்பேற்ற பதினோரு ஆண்டுகளில் ஒரு புத்தகமும் தொலைந்ததில்லை. என் ஆய்வுக்கான பழைய ஏரி வரைபடத்தை, ஏணி போட்டு ஏறி, பரண் தூசியில் தேடித் தந்தவரும் அவரே. மனிதர்கள் மேல் எனக்குள்ள மனக்குறைகளின் பட்டியல் நீளமானது. அதில் அவர் பெயரைச் சேர்க்க விரும்பவில்லை.

7. ஆகவே, அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப வேண்டாம். அனுப்புவதானால் இம்மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். புதிய கடவுச்சொல்லுக்கு ஏற்பாடு செய்து, விவரம் தெரிந்த ஒருவரை அரை நாள் அனுப்பி, வாசகர் கேட்கும் கட்டுரையைத் தேடி எடுத்துத் தருவது எப்படி என்று அவருக்குக் கணினியிலேயே செய்து காட்ட ஆவன செய்யுங்கள். கடவுச்சொல்லுக்கு எண் போடத் தேவையில்லை என்பதை எழுத்து மூலம் தெரிவித்தால் அவர் நிம்மதியடைவார்.

பயிற்சி நவம்பர் 21-க்குள் நடந்தால் நலம். தேடிப் பழகுவதற்கு அவருக்குத் தலைப்புகள் தேவைப்படும் என்பதால், ஆறு தலைப்புகளை நானே தட்டச்சு செய்து இத்துடன் இணைத்துள்ளேன்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
அ. ஜெரோம்

இடம்: ஊரப்பாக்கம்
நாள்: 12.11.2025